மறியல் வாரத்தில் வந்த பூனை

அந்தப் பூனைக்குட்டியைப் பாவம் பார்த்து எடுத்து வந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பொய். புகுந்த வீட்டில் எனக்கென்று ஒரு உயிராவது இருக்கட்டும் என்ற வீம்பில் எடுத்து வந்தேன்.

அப்போது நான் கரியாலூருக்கு அப்பால், மலைமேல் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. வீடு கீழே, கள்ளக்குறிச்சி ஓரத்தில். திங்கட்கிழமை விடிகாலையில் பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவேன். எனக்கு ஏழு வயதில் ஒரு மகள், நான்கு வயதில் ஒரு மகன். அவர்களை வளர்த்தவர் என் கணவரின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். சமையல், கோழி, நாய், பிள்ளைகள் என எல்லாம் அண்ணியின் கையில்தான். சனி, ஞாயிறுகளில் நான் அந்த வீட்டுக்கு விருந்தாளி. மகன் என்னைக் கண்டதும் அத்தையின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். "யாரு வந்துகீறாங்க பாருடா" என்று அவனிடம் சொல்லும்போது அண்ணியின் குரலில் ஒரு திருப்தி தெரியும். நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற பேச்சு இரண்டு வருடமாக அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

அந்த வருடம்தான் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிசனம் ரோட்டுக்கு வந்தது. மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றுபோனது. அந்த வெள்ளிக்கிழமை என்னால் இறங்க முடியவில்லை. மறியல் வாரம் முழுக்க நடக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை சேதி வந்தது. அரிசி மேலே வராததால் பள்ளிக்கூடத்தில் சத்துணவும் இல்லை. பிள்ளைகளும் வர மாட்டார்கள். நடந்தே இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சத்துணவுக் கூடத்தைப் பூட்டச் சாவி வாங்கப் போனபோது சமையல்கார அம்மா ஒரு பூனைக்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலிச் சாக்குகளுக்கு நடுவில் கிடந்ததாம்.

"தாயி மூணு நாளா வரல டீச்சர். கூடப் பொறந்ததுங்க ரெண்டும் செத்துப்போச்சு. இது ஒண்ணுதான் கீது. நீங்க எடுத்துக்கினு போறீங்களா?"

சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. கண் திறந்து பல நாள் ஆகியிருந்தது. என் விரலைப் பிடித்துக் கடித்தது. கடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒயர் கூடையில் பழைய துண்டை விரித்து அதை உள்ளே வைத்தேன்.

மறுநாள் பொழுது புலர்ந்ததும், சந்தைக்குக் கடுக்காய் கொண்டு இறங்கும் இரண்டு பெண்களோடு சேர்ந்து நடந்தேன். மலையடிவாரத்து அணைக்கட்டுக்கு வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. அங்கிருந்து கொஞ்ச தூரம் ஒரு மாட்டுவண்டி, மீதி நடை. ஊருக்கு முன்னால் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா டீச்சர் கூடையில?"

"பூனைங்க."

"ஊரே பத்திக்கினு எரியுது, நீங்க பூனைய தூக்கிக்கினு வர்றீங்களா?" என்று ஒருவர் சிரித்தார். ஆனாலும் கூடையை வாங்கி அந்தப் பக்கம் வைத்தார். நான் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தை ஏறிக் கடந்தேன்.

வீட்டு வாசலிலேயே அண்ணி கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"இந்த வூட்ல நாய் கீது, கோழி கீது, ரெண்டு புள்ளைங்க கீது. இப்போ பூனை வேறயா டீச்சரம்மா?"

"ஆமாங்க அண்ணி. பூனையும் கீது."

"வாரத்துல ரெண்டு நாள் வர்றவளுக்கு இது ஒரு கேடா? நம்ம நாயி போன வருசம் ஒரு பூனைய கொதறிப் போட்டதே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. எங்கள் நாய் நல்ல நாய். ஆனால் பூனை என்றால் அதற்கு மூளை கலங்கிவிடும். அதனால் என் டிரங்குப்பெட்டியும் பள்ளிக்கூடப் புத்தகங்களும் இருந்த சின்ன அறையில் குட்டியை விட்டுக் கதவைச் சாத்தினேன். பூனை வளர்ப்பது பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒன்றாம் வகுப்பு நடத்தத் தெரியும். புதிதாகச் சேரும் பிள்ளையை முதல் நாளே நாற்பது பேருக்கு நடுவில் தள்ளினால் அது அலறும், மற்றவர்களும் சேர்ந்து அலறுவார்கள். வாசலருகே உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்த வேண்டும். அதையே இங்கும் செய்தேன். குட்டி படுத்த துண்டை நாயின் சாக்கில் போட்டேன். நாயின் முதுகைத் துடைத்த துணியைக் குட்டியின் கூடையில் வைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நாய்க்குச் சோறு, இந்தப் பக்கம் குட்டிக்குப் பால். நாய் கதவிடுக்கில் மூக்கை வைத்து உறுமியது. குட்டி முதுகைத் தூக்கிக்கொண்டு சீறியது. இரண்டும் சாப்பிட மட்டும் மறக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை, நான் குளிக்கப் போன நேரத்தில் மகன் கதவைத் திறந்து உள்ளே போய் வாலைப் பிடித்து இழுத்துவிட்டான். குட்டி அவன் புறங்கையைப் பிறாண்டியது. மூன்று கோடு, கொஞ்சம் ரத்தம். அவன் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. நான் ஈரத்தலையோடு ஓடிவந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டேன். அதற்குள் அண்ணி அவனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து என் கணவர் மறியலிலிருந்து வந்தார். பகல் முழுக்க ரோட்டில் நின்றவர், சட்டையெல்லாம் மரத்தூள்.

"நாளைக்குக் காலையில அத எங்கயாவது கொண்டும்போய் உட்டுடு" என்றார்.

"உட மாட்டேங்க."

"பாத்துக்க ஆளு இல்லாத எடத்துல இன்னாத்துக்கு இதெல்லாம்? அப்படியே வேலையையும் எழுதிக் குடுத்துடு. நீ மல ஏறினது போதும்."

எனக்கு எங்கிருந்து அந்த அமைதி வந்தது என்று தெரியவில்லை. "நீங்க எதுக்குங்க ரோட்ல நிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"இது இன்னா கேள்வி? நம்ம புள்ளைங்களுக்குப் படிப்பு வேணும், வேலை வேணும்னு நிக்கறோம்."

"அந்த வேலை ஒண்ணு இந்த வூட்லயே கீதுங்களே. கெடைச்சத உடச் சொல்லிட்டு, கெடைக்காததுக்கு மரம் வெட்டறீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றி உதறினார். அண்ணிதான் தலையை நிமிர்த்தினார். "ஆம்பளைய எதுத்துப் பேசற அளவுக்கு வந்துட்டியா?"

"எதுத்துதான் பேசறேன் அண்ணி. பூனையும் இருக்கும், வேலையும் இருக்கும்."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

மறுநாள் மகன் அறை வாசலில் வந்து நின்றான். கோபம் இருந்தது, ஆசை அதைவிட அதிகமாக இருந்தது. நான் கூப்பிடவில்லை. "அதுவா வந்தாத்தான் தொடணும். கையத் தரையில விரிச்சு வெச்சுக்கினு சும்மா குந்திக்கோ" என்று மட்டும் சொன்னேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பிறாண்டல் விழுந்த கையை விரித்து வைத்தான். குட்டி பெட்டிக்கடியிலிருந்து பார்த்தது, வரவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்தோம். இடையில் அவனையறியாமல் என் தோளில் சாய்ந்தான். பிறந்தது முதல் அவன் என்னோடு அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. குட்டி வந்து அவன் விரலை முகர்ந்தபோது, "அம்மா, அம்மா" என்று மூச்சுவிடாமல் கிசுகிசுத்தான். பூனை நகர்ந்துவிடுமோ என்று நானும் அசையவில்லை.

மகள் வேறு மாதிரி. எத்தனை தடவை பால், எந்த நேரம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள்.

ஐந்தாம் நாள் நாயைத் தென்னைமரத்தில் சங்கிலியால் கட்டிவிட்டு, நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு மகளைக் கதவைத் திறக்கச் சொன்னேன். நாய் எழுந்து நின்றது. குட்டி உடம்பைப் பக்கவாட்டில் வளைத்துக்கொண்டு தத்தித் தத்தி நேராக அதன் முன்னால் போய் மூக்கில் ஓர் அறை விட்டது. பிடிக்கக்கூட எனக்கு நேரமில்லை. நாய் கடிக்கவில்லை. இது என்ன என்பதுபோல என்னைப் பார்த்தது, பிறகு உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு மாலையே குட்டி, குஞ்சுகளோடு மேய்ந்த கோழியிடம் போய் அதே வீரத்தைக் காட்டி, முற்றம் முழுக்க விரட்டப்பட்டு, தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் கோழி பக்கம் அது தலைவைக்கவில்லை. அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறியல் முடிந்து பஸ் ஓட ஆரம்பித்தது. திங்கட்கிழமை விடிகாலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"நான் அதப் பாக்க மாட்டேன். செத்தா என்னச் சொல்லக் கூடாது" என்றார் அண்ணி.

"நீங்க பாக்க வேணாங்க. உங்க மருமவ பாத்துக்குவா. யாரும் அத வெளிய மட்டும் உடக் கூடாது" என்று மகளைக் காட்டிச் சொன்னேன். கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

அந்த வாரம் முழுக்க மலையில் எனக்கு வகுப்பு ஓடவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டை நெருங்கும்போது மகன் தெருமுனைக்கே ஓடி வந்தான். "பூனைக்குட்டி நம்ம நாய் மேல படுத்துக்கினு தூங்குதும்மா!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

அண்ணி அதைக் கடைசிவரை தொடவில்லை. அடிக்கவும் இல்லை. எனக்கும் அவருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளைகளை அவர் வளர்த்தார். அந்தக் கடன் எனக்கு உண்டு. அதற்காக என் வேலையை அவரிடம் கொடுக்க முடியாது. கணவர் அடுத்த வருடம் ஒருமுறை மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தார். "முடியாதுங்க" என்றேன். அதோடு விட்டுவிட்டார். பதினோரு வருடம் நான் மலையேறினேன்.

பூனை முதல் ஈற்றில் நான்கு குட்டி போட்டது. ஒன்றைக்கூட வீட்டில் வைக்கக் கூடாது என்று அண்ணி சொன்னார். மூன்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். வெள்ளைக் குட்டியை வைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.