அஞ்சலை அக்கா வாங்க மறுத்த பை

அஞ்சலை அக்கா இறந்துவிட்டார்.

காலையில் விசில் சத்தம் கேட்டு, குப்பை வாளிகளோடு வாசலுக்குப் போனேன். வண்டியோடு நின்றது வேறொரு பெண். "அஞ்சலை நேத்து சாயங்காலம் தவறிடுச்சும்மா... நெஞ்சு வலின்னுச்சாம். பண்ருட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறதுக்குள்ளயே..."

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் வீடு வீடாகக் குப்பை வாங்கியவர். கான்ட்ராக்ட் தொழிலாளி. ஊர் முத்தாண்டிக்குப்பம்.

இங்கே பலருக்கும் அவரைத் தெரியும். நான் அவருக்குச் செய்தது மட்டும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்...

என் மகள் கைக்குழந்தையாக இருந்த சமயம். டயப்பர், குழந்தையைத் துடைத்த வைப்ஸ், ஷாம்பு பாக்கெட், மிஞ்சிய சோறு... எல்லாம் ஒரே கேரி பேக்கில். இறுக்கி முடிச்சுப் போட்டு நீட்டிவிடுவேன்.

ஒரு நாள் அக்கா அதை வாங்கவில்லை.

"இன்னாம்மா இது, சோத்தையும் பாலிதீனையும் ஒண்ணா கட்டி வெச்சிகினு இருக்கீங்க? இத நாங்க கையாலதான் பிரிக்கிறோம். தனித்தனியா வையுங்க, நாளைக்கு வாங்கிக்கிறேன்." பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எதிர் குவார்ட்டர்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாகப் போயிற்று.

சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். "மரியாதை இல்லாம பேசுறாங்க சார், ஆளை மாத்துங்க." அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாளே ஆள் மாறியது. புதிதாக வந்தவர் எதுவும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது... ஆமாம், அப்போது அப்படித்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து என் மாமியாரின் பல் செட்டைக் காணோம். டிஷ்யூவில் சுற்றி வாஷ் பேசின் மேல் வைத்திருந்தாராம். நான் அழுக்கு வைப்ஸ் என்று நினைத்துப் பையில் அள்ளிப் போட்டிருக்கிறேன். குப்பை வண்டி போய்விட்டது.

குப்பை பிரிக்கும் ஷெட்டுக்கு ஓடினேன். அங்கே குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார் அஞ்சலை அக்கா. என் புகாருக்குத் தண்டனையாக அவரை அங்கே போட்டிருக்கிறார்கள். அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

விஷயத்தைச் சொன்னேன். "உக்காருங்கம்மா, தேடுவோம்" என்றார்.

தேடுவது என்றால்... எல்லாமே என்னைப் போன்றவர்கள் முடிச்சுப் போட்ட பைகள். ஒவ்வொன்றாகக் கிழிக்க வேண்டும். நாப்கின், ரேசர், இயர் பட்ஸ், காலி பேஸ்ட் டியூப், புழு வைத்த சோறு. மூன்றாவது பையிலேயே வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தேன்.

அக்கா நிறுத்தவில்லை. கையில் கிளவுஸ் இருந்தது. அதில் இரண்டு விரல் கிழிந்திருந்தது.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று கிடைக்க. குழாயில் நன்றாகக் கழுவி என் கையில் கொடுத்தார்.

"அக்கா... அன்னிக்கு போன் பண்ணது..." என்று ஆரம்பித்தேன். முடிக்க வரவில்லை.

"தெரியும்மா. சூப்பர்வைசரு சொல்லிட்டாரு. நீங்க கெளம்புங்க, பெரியம்மா பல்லு இல்லாம எப்டி சாப்புடுவாங்க?"

அன்று சாயங்காலமே சூப்பர்வைசரிடம் தப்பு என்னுடையது என்றேன். புகார் கொடுக்க ஒரு போன் போதுமாக இருந்தது. அக்காவை எங்கள் பிளாக்குக்குத் திரும்பக் கொண்டுவர இரண்டு மாதம் நடையாய் நடந்தேன்.

வீட்டில் ஒவ்வொன்றாக மாறியது. ஷாம்பு பாக்கெட் போய், குள்ளஞ்சாவடியில் டப்பா கொண்டுபோய் வாங்கும் சீயக்காய் வந்தது. பாட்டிலில் வாங்கிய பாடி வாஷ் போய் சோப்புக் கட்டி. மகளுக்குத் துணி, எனக்கும் துணி நாப்கின்.

ஒரே நாளில் எல்லாம் நடந்துவிடவில்லை... ராத்திரிக்கு மட்டும் டயப்பர் ரொம்ப நாள் ஓடியது.

துணி நாப்கின் விஷயத்தைச் சொன்னபோது அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே... "நாங்க துணி வெச்சிகினு இருந்தப்போ அசிங்கம்னீங்க. எங்க வூட்டுப் பொண்ணுங்க கடை நாப்கினுக்கு மாறினப்புறம் நீங்க துணிக்கு வரீங்களா?"



ஒரு திங்கட்கிழமை. பிளாஸ்டிக் குப்பைக்கென்று வைத்த வாளியில், ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பேஸ்ட் டியூப் கிடந்தது.

"இன்னாம்மா, ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"இல்லக்கா, வீட்லதான் இருந்தோம்."

வாளியை மறுபடி எட்டிப் பார்த்தார். கிளவுஸைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம், "இடது தோள் கடுத்துகினே இருக்குதும்மா" என்றார். "வண்டி தள்றீங்கல்ல, அதான்க்கா" என்று தைலம் எடுத்துக் கொடுத்தேன்.

தைலம்...

என் ஸ்கூட்டர் வாசலில்தான் நின்றது. டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கலாம்.

மதியம் முத்தாண்டிக்குப்பம் போனேன். இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக்கு முதல் முறை.

"அம்மா இன்னிக்கு லீவு கேட்டிருந்துச்சுக்கா" என்றாள் அக்காவின் மகள். "காலேஜ் சேரப் போறேன்ல... எனக்குத் துணி எடுக்கப் போறதா இருந்தோம்..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அக்காவின் உடலை எடுக்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம் அக்கா. தூங்குங்கள்.