மூன்றாவது கட்டை

மடுவீதி ரயில் நிலையத்துத் தேநீர்க் கடை வாசலில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் பழைய சிலிப்பர் கட்டையொன்று படியாகக் கிடந்தது. வெயிலில் தார் மணத்தது. நான் அதை மிதிக்காமல் விலகி நின்றேன்.

அப்பா தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளி. போரில் கோச்சி ஓடாமல் ரயில் பாதை மூடப்பட்ட பிறகும் ஒருவரையும் கட்டை கழற்ற விடமாட்டார். குண்டுக்குப் பதுங்க வெட்டிய எங்கள் பங்கர் குழிக்கு மேலே வெறும் ஓலைதான். ஒரு மத்தியானம் பொம்பர் விமானம் வந்து போனதும் அம்மா கத்தினா:

"வராத கோச்சியோ, உங்கட பிள்ளையளோ?"

அப்பா ஸ்பானரை எடுத்தார். ஆனால் மூன்றுக்கு ஒன்றாகத்தான் கழற்றி இழுத்து வந்து பங்கருக்கு மேலே அடுக்கினார்.

"கிட்டவே எடுங்கோவன்!" என்றா அம்மா.

"அடுத்தடுத்து எடுத்தா தண்டவாளம் விலகிப்போடும். நாளைக்குக் கோச்சி வரவேணுமெல்லே."

ஒவ்வொரு கட்டைக்கும் இன்னும் தூரம் போனார். கடைசிக் கட்டைக்கு மதகடிக்குப் போனபோது பொம்பர் திரும்பி வந்தது. அம்மாவும் பிள்ளைகளும் பங்கருக்குள் தார் மணத்த இருட்டில் கிடந்தோம். மேலே ஒரு கட்டை அளவுக்கு வானம் தெரிந்தது. குண்டு மதகடியில் விழுந்தது.

இப்போது நிலையத்துக்குக் கோச்சி வந்தது, ஏறினேன். புதிதாய்ப் போட்ட கொங்கிறீற் கட்டைகளின் மேல் அது மதகை நெருங்கியபோது எழுந்து நின்றேன்.

"இறங்கப்போறீங்களோ, அக்கா?" என்றாள் பக்கத்துப் பெண்.

"இல்லைப் பிள்ளை."

மதகு கடந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.