கயிற்றில் ஓர் இடம்

கயிற்றைப் பிடிக்குமுன் கலாநிதி லோஜனா கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து, கடலில் விரித்த வலையைக் கரையில் நின்று இழுக்கும் நிலாவெளிக் கரைவலைக்காரரோடு அடியடியாய்ப் பின்வாங்குவார். கிளிவெட்டியில் வயல் செய்கிற வீட்டின் முதல் பட்டதாரி. கடல் அவருக்குப் புதிது.

“மிஸ், வரம்பில நடக்கிற மாதிரி நடக்காதேங்கோ. விழுந்திடுவீங்கள்” என்பார் பின்னால் நிற்பவர்.

“விழுந்தா மணல்தானே அண்ணை, சேறில்லையே.”

போதைப்பொருள் தடுப்புத்தான் இவருடைய ஆய்வு. முதலில் பொதுமண்டபத்தில் கூட்டம் வைத்துக் கேள்வித்தாள் கொடுத்தார். வந்தவர்கள் பணிஸ் தின்று, பிளேன்ரீ குடித்து, ‘இங்க ஒருத்தரும் பாவிக்கிறேல்ல’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமை லோஜனா கடற்கரைக்கு வந்து கயிற்றைப் பிடித்தார். கயிற்றில் நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லாக் கண்ணும் கடலில்தான். அப்படி நிற்கையில் மனிதர் எதையும் சொல்லிவிடுவார்கள். சிகிச்சை முடித்து வந்தவர்களில் தொழிலில் பழைய இடம் கிடைத்தவர்கள் தப்பினார்கள். கிடைக்காதவர்கள் திரும்பவும் போதைத் தூளுக்குப் போனார்கள். அவருடைய ஆய்வின் சாரம் இவ்வளவுதான்.

கோணேஸ்வரனுக்கு இடம் கிடைக்கவில்லை. தூளுக்காக வலையின் ஈயக்குண்டுகளை அறுத்து விற்ற இளைஞன். சிகிச்சை முடிந்து வந்து, வள்ளத்தடியில் சும்மா நின்றான். பழைய கூட்டாளிகள் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி இராசதுரையிடம் லோஜனா அவனுக்காகக் கேட்டார்.

“ஏலாது மிஸ். என்ர வலையில கை வைச்சவன்.”

“அப்ப என்ர இடத்தைக் குடுங்கோ ஐயா.”

“பகிடி விடாதேங்கோ. உங்கட இடத்தில நீங்கள் நில்லுங்கோ.”

மறுநாள் வலை பாதிக்குமேல் வந்துவிட்டது. அந்த நேரத்தில் கயிற்றில் ஆள் குறைந்தால் வலை ஒரு பக்கம் சரியும், மீன் ஓடிவிடும். லோஜனா தலையசைத்துக் கோணேஸ்வரனைக் கூப்பிட்டார். கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு விலகினார்.

இராசதுரை நொண்டி நொண்டி ஓடி வந்தார். “மிஸ், என்ன வேலை இது?”

“எனக்குக் கை ஏலாது ஐயா. அவரை விலக்கினா நீங்கள்தான் பிடிக்கோணும்.”

சம்மாட்டியின் முழங்கால் வருத்தம் ஊரறிந்தது. கயிற்றில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். இழுப்பு நிற்கவில்லை.

வலையின் மடி மீனால் கனத்துக் கரையேறியது. பங்கு வைக்கையில் இராசதுரை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கடைசியில் கொஞ்சம் தயங்கினார்.

“கோணேஸ், வந்து எடு. நாளைக்குப் பிந்தி வந்தா இடமில்லை.”

பிறகு லோஜனாவின் பக்கம் திரும்பினார். “மிஸ், உங்களுக்கு இனி இங்க வேலையில்லை.”

“அதுக்குத்தானே ஐயா வந்தனான்.”

கோணேஸ்வரன் இன்றும் அந்தக் கயிற்றில் நிற்கிறான். கரையோரச் சம்மாட்டிமார் பலர் இப்போது தாங்களாகவே லோஜனாவுக்குப் போன் எடுத்து, “சிகிச்சை முடிச்சு ஆள் வந்தா அனுப்புங்கோ” என்கிறார்கள். அவர் இப்போது குச்சவெளியில் இருக்கிறார். இன்னொரு வலையின் கயிற்றில், அடுத்த மாதம் சிகிச்சை முடிந்து வரப்போகிற ஒருவனுக்காக, ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்.