முயலை விட்டுவிட்டுப் புள்ளியைத் தேடினேன்

பிரான்ஸில் அத்தை வீட்டுக்குப் போயிருந்த குளிர்காலத்தில், மலைப்பனியில் வெள்ளை முயலைப் பார்த்தே தீருவேன் என்று இரண்டு நாள் அலைந்தேன். கண்டது காலடித் தடம் மட்டும். நான்காம் நாள் ஊருக்கு ஃப்ளைட் என்பதால் மூன்றாம் நாள்தான் கடைசி.

"பாண்டில ஃபேன் ஓடினாவே போர்வ கேக்கற ஆளு நீ. பேசாம கார்ல உக்காரு மச்சான்," என்றான் அங்கேயே வளர்ந்த அத்தை மகன். நான் கேட்கவில்லை. முழங்கால் வரை புதையப் புதைய ஏறினேன். வேறு வழியின்றி அவனும் பின்னால் வந்தான். மேலே போனால் எல்லாமே வெள்ளை. இதில் வெள்ளை முயலை எங்கே என்று தேடுவது?

அப்போதுதான் பாண்டிச்சேரியில் எங்கள் காலாப்பட்டுக் கடற்கரை ஞாபகம் வந்தது. மணல் நிற நண்டை மணலில் கண்டுபிடிக்க, நாங்கள் உடம்பைத் தேட மாட்டோம். துருத்தி நிற்கும் கறுப்புக் கண்களைத்தான் தேடுவோம். இந்த முயலுக்குக் காது நுனி கறுப்பு என்று படித்திருந்தேன். அவ்வளவுதான், கறுப்புப் புள்ளிகளைத் தேட ஆரம்பித்தேன்.

பாறை ஓரத்தில் இரண்டு புள்ளிகள் அசைந்தன. கை நீட்டிக் காட்டினேன்.

"எங்கடா? ஒண்ணும் தெரியலையே!" அத்தை மகன் பைனாகுலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முயல் எழுந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரிவில் பாய்ந்தது.

"இத்தன வருஷத்துல நானே பாத்ததில்லடா," என்றான்.

"நான் பாத்துட்டேன்!" என்று கத்திக் குதித்தேன். இடுப்பு வரை பனிக்குள் போய்விட்டேன். அவன்தான் சிரித்துக்கொண்டே கைகொடுத்து இழுத்தான்.