எழுபத்தேழாம் வருஷத்துப் பாட்டிலும் ஒரு தீற்றல் சுண்ணாம்பும்

என் கணவர் போர்ட் வைன் சேகரித்தார் என்று நான் சொன்னால், கேட்பவர்கள் உடனே நிலவறை, மரப்பீப்பாய், வரிசை வரிசையாகப் பாட்டில்கள் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பன்னிரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த நல்ல போர்ட் மொத்தம் ஏழே பாட்டில். ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் இருந்ததில்லை. அந்த மூன்றைத்தான் அவர் ‘கலெக்‌ஷன்’ என்பார், அதுவும் குரலைத் தாழ்த்தி.

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் பாதியில் குடியிருந்தோம். நான் பள்ளி ஆசிரியை. அவருக்குப் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்கத் திருகாணிகளை அளந்துவிட்டு வருகிற மனுஷனுக்கு, அளக்க முடியாத ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்க வேண்டும். தொண்ணூற்றொன்றில் அது வந்து சேர்ந்தது. கப்பலில் இன்ஜினீயராக இருந்த என் அண்ணன், லீவில் வந்தபோது ஸ்வெட்டரில் சுற்றி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த போர்ட், முனைக்கடையில் விற்கிற தித்திப்புச் சரக்குதான். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊறும் என்று தினம் ஒரு மூடி கொடுப்பார்களே, அது. வீட்டுக்கு யார் வந்து, “போர்ட் வைனா? நம்ம கடையிலேயே கிடைக்குமே” என்று சொன்னாலும் இவர் முகம் சிவந்துவிடும். காப்பி ஆறுகிறவரை அவர்களுக்குப் பாடம் நடக்கும். போர்ச்சுக்கலில் திராட்சை அபூர்வமாக விளைந்த வருஷத்தில்தான் இதைச் செய்வார்கள், அந்த ஒரு வருஷத்து வைனை மட்டுமே பாட்டிலில் அடைப்பார்கள், வருஷத்தை மேலேயே போட்டிருப்பார்கள், இருபது வருஷம் படுத்துத் தூங்கினால்தான் அதற்கு ருசி வரும். ஒருமுறை திறந்துவிட்டால் ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். கடைசி விதிதான் எனக்குப் பிடித்தது. அவரைப் போன்ற கருமியையும் நாலு பேரைக் கூப்பிட வைத்தது அது.

பாட்டில்கள் தூங்குவதற்குப் பின்னறைச் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டு தேர்வானது. அங்கே என் பட்டுப்புடவைகள் இருந்தன. வடக்குச் சுவர், வெயில் படாது என்று காரணம் சொல்லப்பட்டு, புடவைகள் ட்ரங்க் பெட்டிக்குப் போயின. ஒவ்வொரு பாட்டிலையும் என் பழைய காட்டன் புடவைத் துண்டில் சுற்றிப் படுக்க வைத்தார். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். “இது தொண்ணூத்தஞ்சு டிகிரிக்குக் கீழ ஒண்ணும் காட்டாதுங்க” என்றேன்.

“காட்டலைன்னா கூலா இருக்குன்னு அர்த்தம், டீச்சரம்மா” என்றார்.

ருசி பார்க்கிற சபையில் மூன்று பேர். இவர், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டாக்டர், எங்கள் சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிற கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கூடுவார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, “நாவப்பழம்... பழைய தோல் பை... கொஞ்சம் மிளகு” என்பார். வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, “சக்கத்தா இருக்கு சார், பிரமாதம்” என்பார். டாக்டர் மட்டும் உண்மை பேசுவார். “இருமல் மருந்து வாசனை வருதுப்பா. ஆனா நல்ல இருமல் மருந்து.” எனக்கும் ஒரு வாய் வரும், கடைசியில், வறுத்த வேர்க்கடலைத் தட்டைக் கொண்டு வைக்கிற கூலியாக.

நானும் வைன் போடுகிறவள்தான். நவம்பரில் ரஸ்ஸல் மார்க்கெட்டில் கறுப்புத் திராட்சை வாங்கி, ஜாடியில் சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்து, தினம் கிளறி, கிறிஸ்துமஸுக்கு வடிகட்டுவேன். கல்கல் பலகாரத் தட்டோடு தெரு முழுக்கப் போகும். டாக்டர் இரண்டாவது பாட்டில் கேட்டு வாங்குவார். என் வீட்டு நிபுணரோ ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “ஜூஸ் நல்லா இருக்கு” என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் எனக்குக் கிடைத்த விமர்சனம். அதில் எனக்குக் கோபம் உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன்.

தொண்ணூற்றைந்தில் அண்ணன் கொண்டுவந்த பாட்டிலில் 1977 என்று போட்டிருந்தது. எங்களுக்குக் கல்யாணமான வருஷம். “மாப்ள, இதைப் பாத்ததும் உங்க ரெண்டு பேர் ஞாபகம்தான் வந்துச்சு” என்றார் அண்ணன். இவர் அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டார். இரண்டாயிரத்திரண்டில், எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளில்தான் திறப்பது என்று அங்கேயே அறிவித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. எனக்காக அவர் இப்படி எதையும் எடுத்து வைத்ததே இல்லை.

அந்த வருஷம் டிசம்பரில் வழக்கம்போல வீட்டுக்கு வெள்ளையடித்தோம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சுவர் வெள்ளையாகாவிட்டால் எங்கள் தெருவில் பண்டிகையே வந்ததாகாது. சாமான்கள் ஹாலுக்கு வந்தன, திரும்பப் போயின. திங்கட்கிழமை இவர் வேலைக்குப் போயிருந்தார், எனக்குப் பள்ளி விடுமுறை. அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன், எழுபத்தேழு பாட்டிலின் வயிற்றில் பட்டையாகச் சுண்ணாம்பு. பெயின்டர் சொட்டவிட்டுப் போயிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே, சோப்புத் தூளும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, தலைகீழாகப் பிடித்துக் குழாயில் அலசி, ஈரம் காயட்டும் என்று ஜன்னலில் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. துணியில் சுற்றிப் பழைய இடத்தில் படுக்க வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

அடுத்த ஞாயிறு சபை கூடியது. நான் சமையலறையில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். இவர் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த ஒரு தடிப் புத்தகத்தைப் பார்த்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “பாட்டில்ல வெள்ளையா ஒரு தீத்தல் போடுவாங்க. அதுதான் மேல் பக்கம். அந்தப் பக்கம் எப்பவும் மேலயே இருக்கணும். அப்பத்தான் கசடு அடியில ஒரே இடத்துல படியும். அசைச்சா போச்சு. வெள்ளைக் குறிதான் அதோட உயிர்.”

வடை எண்ணெயில் கருகியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“எங்க, அந்த எழுபத்தேழைக் காட்டு. குறியைப் பாக்கலாம்” என்றார் டாக்டர்.

இவர் எழுந்து பின்னறைக்குப் போனார். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். “வேணாம் டாக்டர். தூங்குது. இனிமே யாரும் அதைத் தொடக்கூடாது. திறக்கிற அன்னைக்குப் பாத்துக்கலாம்” என்றார். இருட்டில் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு உயிர் வந்தது. அந்த உயிர் ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வகுப்பில் யார் ஜன்னலை உடைத்தது என்று கேட்டு, ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளை முட்டிபோட வைக்கிற நான், ஆறரை வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, தைரியம் வந்து, “அந்தப் பாட்டில் இருக்குல்ல” என்று ஆரம்பித்தேன். பஸ் ஹார்ன் அடித்தது. “என்ன?” என்றார். “கத்திரிக்கா வாங்கணும்” என்றேன்.

நடுவில் வேறொரு பாட்டில் கெட்டுப்போயிருந்தது. திறந்தால் ஈரச்சாக்கு நாற்றம். இவர் மூன்று நாள் ஷேவ் செய்யவில்லை. “யாராவது அசைச்சிருப்பாங்க” என்று டாக்டர் விளையாட்டாகச் சொன்னபோது, இவர் சட்டென்று பேச்சை மாற்றினார். என்னைக் காப்பாற்றத்தான் மாற்றுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு கெட்ட பாட்டிலுக்கே இந்தக் கோலம் என்றால், எழுபத்தேழு கெட்டிருந்தால் இந்த மனுஷன் என்ன ஆவார்? நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, வேறு திருச்சபை. இருந்தும் ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறி விவேக் நகருக்குப் போய், குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். சாராயத்துக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், குடும்ப விஷயம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இரண்டாயிரத்திரண்டு மே மாதம் வந்தேவிட்டது. திறப்பதற்கு முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைக்க வேண்டுமாம். கதவைச் சாத்திக்கொண்டு அவரே செய்தார். மறுநாள் மத்தியானம் பாட்டில் ஹாலுக்கு வந்தபோது, கழுத்து மட்டும் தெரிய, ஒரு டர்க்கி டவல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அதுவும் புத்தகத்தில் போட்டிருக்கிற சடங்கு என்று நினைத்தேன். டாக்டர், வாத்தியார், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த அண்ணன், எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

தக்கை பாதியில் உடைந்தது. மெல்லிய துணியில் வடிகட்டி, கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி ஜக்கில் ஊற்ற ஆரம்பித்தார். கசடு வந்தால் தெரிவதற்குக் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி. டவலோடு பிடித்திருந்ததால் பாட்டில் வழுக்கியது. “அந்தத் துணியை எடுத்துட்டுப் பிடியேன்ப்பா” என்று டாக்டர் டவலை உருவிவிட்டார். உருவியவர் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எங்க வெள்ளைக் குறி?”

“நான்தான் தேச்சேன்” என்றேன்.

“நான்தான் பூசினேன்” என்றார் இவர், அதே நொடியில்.

பிறகு என் கணவர், ஐம்பது வயதைத் தாண்டிய தரப் பரிசோதனை அதிகாரி, தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். வெள்ளைக் குறி பாடத்தை, நான் வடையைக் கருக்கிய ஞாயிற்றுக்கு இரண்டு வாரம் முன்பே, நான் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டரிடம் நடத்திவிட்டார். அடுத்த தடவை காட்டுவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். ராத்திரி எடுத்துப் பார்த்தால் பாட்டிலில் குறியே இல்லை. வெள்ளையடித்த அன்று பெயின்டர் டீ குடிக்கப் போன நேரத்தில், அவன் பிரஷ்ஷை எடுத்து ஒரு இழுப்பு. மூன்றாம் நாள் நான் தேய்த்துவிட்டேன்.

“மறுபடி பூசியிருக்கலாமே சார்” என்றார் வாத்தியார், நிஜமான அக்கறையோடு.

“பூசினா இவ பாத்துட்டு ஏன்னு கேப்பா. அந்த டீச்சர் பார்வையை யார் தாங்கறது?”

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “மாப்ள, அது கடையில ஷெல்ஃபுல நட்டமா நின்னுட்டிருந்துச்சு. எத்தனை வருஷம் நின்னுச்சோ!”

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கிளாஸை என் கையில் கொடுத்தார். முதல் தடவையாக. வைன் கெடவில்லை. அருமையாகவே இருந்தது. நான் குலுக்கியதெல்லாம் ஆறரை வருஷத்தில் அடங்கி, அடியில் படிந்திருந்தது. குடிக்கும்போது எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரு சுண்ணாம்புக் கீற்றுக்குப் பயந்து, ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம். சாயங்காலத்துக்குள் ஜக் காலி.

காலி பாட்டிலை நான் தூக்கிப் போடவில்லை. அந்த டிசம்பரில் வெள்ளையடிப்பு முடிந்த பிறகு, என் புது வைனை அதில் ஊற்றி, தக்கை அடைத்து, வாளியில் மிச்சமிருந்த சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து ஒரு தீற்றல் போட்டேன். அவரைச் சீண்டத்தான். துணியில்லாமல், கோணலாக, கீழ்த்தட்டில் கிடத்திவிட்டுப் போய்விட்டேன். ஜூஸ்காரர் என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஏமாற்றம்தான்.

இரண்டு நாள் கழித்து அலமாரியைத் திறந்தேன். பாட்டில் என் பழைய காட்டன் புடவைத் துண்டில் சுற்றியிருந்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். வெள்ளைக் குறி சரியாக மேல் பக்கம் இருந்தது. பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்திருந்தார்.