இடையும் இடையும்

"இந்நூலின் ஆசிரியருக்கு இடைக்கும் இடையத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியவில்லை. ஆகவே மாணவருக்கு இதைச் சிபாரிசு செய்ய முடியாது."

11.03.89 என்று திகதியிட்ட என் அறிக்கையின் கடைசி இரண்டு வாக்கியங்கள் இவை. அறிக்கை நான்கு பக்கம். மூலப் பிரதி எங்கே போனதென்று தெரியாது. என்னிடம் இருப்பது காபன் பிரதி. மை மங்கிவிட்டது, ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. எழுதும்போது பேனையை அழுத்தியிருக்கிறேன்.

நான் தமிழ் ஆசிரியை. இணுவிலில் வீட்டுக்குப் பின்னால், கிணற்றிலிருந்து தள்ளி, ஒரு மழைமானி வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு அதைப் பார்த்து, கொப்பியில் திகதியோடு எழுதுவேன். மழை இல்லாவிட்டால் "இல்லை" என்று எழுதுவேன். அன்று வேறு என்ன நடந்தாலும் பக்கத்தில் ஒரு வரி. யாரும் கேட்டு நான் செய்த வேலையல்ல.

சில வருடம் எழுதிய பிறகு, இங்கே வழக்கமாகப் பெய்யும் மழை எவ்வளவு என்று சொல்ல ஆசைப்பட்டேன். பன்னிரண்டு மாத மழையையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தேன். வந்த விடை எந்த மாதத்தையும் ஒத்திருக்கவில்லை. கார்த்திகையில் கொட்டுவதும் ஆனியில் காய்வதும் ஒன்றாகக் கலந்து, எப்போதும் அளவாகத் தூறிக்கொண்டிருக்கும் ஓர் ஊரைக் காட்டியது. அப்படி ஓர் ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. வட்டுக்கோட்டையில் பழைய கல்லூரி நூலகத்தில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்துத்தான் விளங்கிக்கொண்டேன். கூட்டிப் பிரித்தால் வருவது இடை. சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பதைப் பார்த்தால் அது இடையம். மழைக்கு இடையம்தான் நேர்மையானது. இதை நான் படித்தது 1988இல். இந்த வருடம் பின்னால் தேவைப்படும்.

89 தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் தனியார் வகுப்பு நடத்திய ரியூட்டரிகள் மூன்று சேர்ந்து, உயர்தர வர்த்தக மாணவருக்குப் புள்ளிவிபரவியலில் ஒரே பாடநூலை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தன. தமிழில் அப்போது கையில் கிடைத்த ஆரம்ப நூல் ஒன்றுதான். புத்தூரைச் சேர்ந்த மாஸ்டர் ஒருவர் எழுதி, 87இல் அச்சிட்டது. அந்த மூன்றில் ஒன்றில் அவரே படிப்பித்துக்கொண்டிருந்தார். நூல் தரமானதா என்று பார்த்துச் சொல்ல வெளியாள் ஒருவர் தேவைப்பட்டார். தமிழும் தெரியும், மழைக் கணக்கும் போடுகிறாள் என்று என்னிடம் வந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

இரண்டு கிழமை எடுத்தேன். பயிற்சிகள் எல்லாவற்றையும் நானே செய்து, பின்னாலிருந்த விடைகளோடு ஒப்பிட்டேன். அட்டவணைகளின் கூட்டுத்தொகை சரியா என்று பார்த்தேன். உண்மையில் அது நல்ல புத்தகம். புத்தூர்ச் செம்மண்ணில் கிண்டிய வெங்காயத்தைப் பிடிபிடியாக நிறுத்து ஒரு பாடம் தொடங்கும். பருத்தித்துறை வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நிமிடங்களை வைத்து இன்னொன்று. ஒரு வாக்கியமும் இரண்டு வரிக்கு மேல் போகாது. சூத்திரம் வருமுன்னே அது எதற்கு வேண்டும் என்பது விளங்கிவிடும். இவ்வளவுக்கும் என் அறிக்கையில் நான் கொடுத்த இடம் ஒரு வரி: "உதாரணங்கள் உள்ளூர்த் தன்மையுடையன."

மிச்சமெல்லாம் மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றியது. அதன் தலைப்பு "இடையும் இடையும்". உள்ளேயும் அப்படித்தான். கூட்டிப் பிரிப்பதும் இடை, வரிசையின் நடுவில் நிற்பதும் இடை. "இடையிலும் பார்க்க இடை சிறந்தது" என்று ஒரு வாக்கியம் இருந்தது. நான் சிரித்தேன். அடிக்கோடு போட்டேன். அத்தியாயம் முழுவதும், அதற்குப் பிறகும், இடையம் என்ற சொல் ஓரிடத்திலாவது வருகிறதா என்று தேடினேன். வரவில்லை.

கூட்டம் ரியூட்டரி ஒன்றின் ஓலைக் கொட்டிலில் நடந்தது. ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர். பெண் நான் ஒருத்தி. மாஸ்டர் கடைசி வரிசை வாங்கில் இருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்துப் பொத்தானும் பூட்டியிருந்தார். அறிக்கையை நானே வாசித்தேன். முடிந்ததும் அவர் எழுந்தார்.

"நான் இடையம் எண்டுதான் எழுதினனான். அச்சில மாறிப்போச்சு. கடைசிப் புறூவ் நான் பாக்கேல்லை. ஆமி கோட்டையிலயிருந்து ஷெல்லடிச்ச நேரம், என்னால ரவுணுக்கு, அச்சகத்துக்கு வரேலாமப் போச்சு."

கையெழுத்துப் பிரதியைக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். அது அச்சகத்தின் முன்னறையில் இருந்தது, 87 ஐப்பசியில் இந்திய இராணுவம் பட்டினத்துக்குள் வந்தபோது எரிந்துவிட்டது என்றார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போது சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அன்றைய குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன், பெருமையோடு.

"மாஸ்டர், ஒரு இடத்தில மாறினால் அது அச்சுப்பிழை. எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி மாறினால் அதை அச்சுக்கோக்கிற ஆள் செய்யேலாது. எழுதினவர்தான் செய்யவேணும்."

கூட்டத்தின் செயலாளர் மேசையில் தட்டினார். "உதுதான் புள்ளிவிபரம்" என்றார். முன்னால் இருந்த ஒருவர் திரும்பாமலே, "மாஸ்டருக்கு இடை எண்டால் ஒண்டே ஒண்டுதான் தெரியும்போல" என்றார். என்ன இடையைச் சொன்னார் என்று எல்லாருக்கும் விளங்கியது. கொட்டில் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் நிறுத்தவும் சொல்லவில்லை. தாள்களை ஒழுங்குபடுத்துவதுபோலக் குனிந்துகொண்டேன். மாஸ்டர், "சரி" என்று சொல்லிவிட்டு வாங்கில் அமர்ந்தார்.

அடுத்த கிழமையே வகுப்புப் பெடியளுக்குச் செய்தி போய்விட்டது. அவர் சைக்கிளில் வந்து இறங்கினால், "இடை வருது" என்று யன்னலுக்குள்ளால் குரல் வருமாம். இடை மாஸ்டர் என்று பேராகிவிட்டது. அந்தத் தவணை முடிவதற்குள் உயர்தர வகுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிக்கவிட்டார்கள். பாடநூலாக வந்தது செயலாளர் தானே எழுதி, ரோனியோ இயந்திரத்தில் நகலெடுத்த குறிப்புகள். அவற்றின் தரத்தைப் பார்த்துச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு பிரதி என் கையில் அகப்பட்டது. உதாரணமெல்லாம் மாஸ்டரின் வெங்காயம், பிடி என்ற சொல்லை மட்டும் கட்டு என்று மாற்றியிருந்தார்கள்.

நான் செய்தது சரி என்று மூன்று வருடம் நம்பினேன்.

90 ஆனியில் யுத்தம் திரும்பத் தொடங்கி மின்சாரம் போனது. தாளும் போனது. பத்திரிகையே கொப்பித் தாளில் வந்த காலம். 92 தையில் என் மழைக் கொப்பி முடிந்துவிட்டது, வேறு கொப்பி கிடைக்கவில்லை. பட்டினத்தில் எனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்று இருந்தது. பல வருடம் அவர்களுக்கு ஓய்வு நேரத்தில் புறூவ், அதாவது அச்சுப்படி, திருத்திக் கொடுத்திருக்கிறேன். செத்தவீட்டில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம், கோயில் திருவிழா விஞ்ஞாபனம், பாடசாலைப் பரிசளிப்பு விழா அறிக்கை என்று எதுவென்றாலும் வரும். அநேகமாக எழுதியவர் பெயர் இருக்காது. அச்சகத்தாரிடம் போய் ஒரு பக்கம் வெறுமையான தாள் இருந்தால் தரும்படி கேட்டேன்.

பின்னறையிலிருந்து ஒரு கட்டுப் பழைய புறூவ் கொண்டுவந்து தந்தார். "முன்னறையில இருந்ததெல்லாம் எரிஞ்சு போச்சு ரீச்சர், உது தப்பினது" என்றார்.

வீட்டுக்கு வந்து தாள்களை அளவாக வெட்டி, தைக்கத் தொடங்கினேன். நாலாவதோ ஐந்தாவதோ தாளைத் திருப்பியபோது சிவப்பு மையைக் கண்டேன். மாஸ்டரின் நூலின் முன்னுரைப் பக்கம். "பின்னர் இடையம் என்றால் என்னவென்று பார்ப்போம்" என்ற வரியில் "யம்" வெட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் இப்படி எழுதியிருந்தது:

"இடையம் அகராதியில் இல்லை. இடை எனத் திருத்துக. எல்லா இடத்திலும்."

கீழே என் பெயரின் முதலெழுத்து. திகதி 18.09.86. திகதி போடாமல் நான் எதிலும் கை வைப்பதில்லை.

86 கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அந்த நாளுக்கு நேரே இருந்தது: "மழை இல்லை. புறூவ் எட்டுப் பக்கம்." எந்தப் புத்தகம் என்று எழுதவில்லை. எட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, மிச்சம் முழுவதற்கும் கட்டளை போட்டிருக்கிறேன். அச்சுக்கோப்பவர் அதற்குப் பணிந்திருக்கிறார். அந்தச் சொல்லின் பொருளை நான் படித்தது அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு. படித்ததும் செய்த முதல் வேலை, அது தெரியாதவர் என்று இன்னொருவரைச் சபையில் சொன்னது.

ஒரு கிழமை கழித்து, அந்தத் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு புத்தூருக்குச் சைக்கிளில் போனேன். மாஸ்டரிடம் தாளைக் கொடுப்பது, பிறகு மூன்று ரியூட்டரிகளுக்கும் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். கடிதம் எழுதியே கொண்டுபோனேன்.

மாஸ்டர் விறாந்தையில் மேசை போட்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்றார். அவர் மனைவி பாலில்லாப் பிளேன்ரியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். சுவரோரம் மாஸ்டரின் நூல் பிரதிகள் அடுக்கியிருந்தன, நெஞ்சளவு உயரம். மேசையில் ஒன்று மூன்றாம் அத்தியாயத்தில் திறந்திருந்தது. அச்சிட்ட "இடை"க்குப் பக்கத்தில் நீல மையில் நுணுக்கமாக "யம்" எழுதியிருந்தார். வேற்றுமை உருபு வந்த இடங்களில் முழுச் சொல்லையும் வெட்டி, மேலே திருத்தியிருந்தார். அடுக்கில் எத்தனை முடிந்தது என்று கேட்டேன். பாதியும் முடியவில்லை என்றார். யாருக்காக என்று கேட்காமல் தேநீரை எடுத்துக் குடித்தேன்.

மழையைப் பற்றிக் கேட்டார். அந்த வருடத்து மாரியைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"மழைக்கு இடையத்தையும் எடுக்கிறனீங்களோ?"

"ஓம்."

"நல்லது. அகராதியில இல்லாத சொல்லெண்டு விட்டிடாதேங்கோ."

அப்போது என் கை பைக்குள் இருந்தது. தாளின் ஓரம் விரலில் பட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. பேனை மூடியைத் திருகிப் பூட்டிக்கொண்டிருந்தார். என் அறிக்கையில் அகராதி என்ற சொல்லே கிடையாது. ஆனால் கலைச்சொல்லைக் கண்டால் அகராதியில் இல்லை என்று சொல்லும் தமிழ் ஆசிரியர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர் அவர்களைச் சொல்லியிருக்கலாம்.

நான் எழுந்தேன். வெயில் ஏறமுன் போகவேண்டும் என்றேன். படலை வரை வந்து வழியனுப்பினார். அவருக்குத் தெரிந்திருந்தால் தாள் தேவையில்லை, தெரியாவிட்டால் அது இன்னொரு அடி என்று வழி முழுவதும் எனக்குள் நியாயம் கட்டிக்கொண்டு வந்தேன். அது பொய். என் பெயர் அந்தக் கொட்டிலில் அப்படி வாசிக்கப்படுவதை நான் விரும்பவில்லை, அவ்வளவுதான். கடிதத்தையும் அனுப்பவில்லை. ஒரு ரியூட்டரி அதற்கு முன்பே மூடிவிட்டது. மற்ற இரண்டும் 95 வரை இயங்கின. அனுப்ப மூன்று வருடத்துக்கு மேல் இருந்தது.

பிறகு ஒருமுறை அச்சகத்தாரிடம் சாடையாக விசாரித்தேன். மாஸ்டர் எப்போதாவது அச்சகத்துக்கு வந்தாரா என்று. வந்தவர் என்றார். "89இல, ஏதோ கூட்டம் நடந்து கொஞ்ச நாளால. பழைய புறூவுகளைப் பாக்கவேணும் எண்டு கேட்டவர். பின்னறையில விட்டனான். ஒரு பகல் முழுக்க இருந்தவர். போகேக்குள்ள கட்டுகளெல்லாத்தையும் திரும்பக் கட்டி வைச்சிட்டுத்தான் போனவர்." எதையாவது எடுத்துக்கொண்டு போனாரா என்று கேட்டேன். ஒன்றும் எடுக்கவில்லை என்றார்.

95 ஐப்பசியின் கடைசி நாட்களில் இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. நான் மழைக் கொப்பிகளைச் சுமந்துகொண்டு போனேன். அந்தச் சிவப்பு மைத் தாளும் அவற்றோடுதான் போனது. அதன் பின்புறத்தில் 92 மாசி மழை எழுதியிருக்கிறேன். மாஸ்டர் வன்னிக்குப் போனதாக ஒருவர் சொன்னார். அடுக்கிலிருந்த புத்தகங்களைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. அச்சகத்தாரையும் அந்த நடையில் தவறவிட்டேன்.

89இல் மாஸ்டர் அவிழ்த்துப் பார்த்த கட்டுகளுக்குள் 18.09.86 திகதியிட்ட தாள் இருந்த கட்டும் இருந்ததா, அதை அவர் கண்டாரா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.