வெள்ளைச் சட்டை

அந்த டிவி சேனல் லைட்மேன் வேலைக்குக் கருப்புச் சட்டையில்தான் போவார். வெள்ளைத் துணி வெளிச்சத்தை வாங்கி எதிரே இருப்பவர் முகத்தில் அடித்துவிடும். "இன்னிக்குப் பொறந்தநாளு, கரிச்சட்டி மாதிரி போகாதீங்க" என்று மனைவிதான் வெள்ளையை மாட்டி அனுப்பினாள்.

அன்று நேரலை. கொலையைக் கண்ணால் பார்த்தவள் பேச வந்திருந்தாள். முதுகுப் பக்கம் மட்டும் விளக்கு, முகம் கும்மிருட்டு.

"மூஞ்சி தெரியாதுல்லண்ணே?"

"நான் இருக்கேன்ல, பயப்படாதம்மா."

கொன்றவன் பெயரைச் சொன்னதும் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மனசு கேட்காமல் தண்ணீரோடு போய், கேமராவில் விழாதபடி அவள் எதிரே குந்தினார். திரும்பி மானிட்டரைப் பார்த்தார். அவர் சட்டையின் வெளிச்சத்தில் அவள் கண், மூக்கு, உதட்டு மச்சம்கூடத் தெரிந்தது.

அவள் கைப்பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது.